நான்கு நாவல்களும் ஒரு பிடி அரிசியும்

நாவல்களுக்குப் பரிசு கொடுக்கிற சபை என்னிடமும் அபிப்பிராயம் கேட்டதற்குக் காரணம் என் புலமை அல்ல. "நாவல் படிக்கிறவர்கள் அதிகமும் ஸ்திரீகள்தானே, ஒரு ஸ்திரீயையும் கேட்டுவிடுவோம்" என்று யாரோ ஒருவர் சொன்னாராம். கல்யாணம் ஆகாத, சாயங்காலங்களில் வேறு வேலை இல்லாத, தடுமாறாமல் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஸ்திரீ பாளையங்கோட்டையில் யார் என்று தேடியிருக்கிறார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன். ஐரோப்பிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு இது.

திருநெல்வேலிப் பெரியவர்கள் சிலரும் பாளையங்கோட்டைப் பெரியவர்கள் சிலரும், இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாகச் சேர்ந்து நடத்திய சபை அது. புதிதாக வந்த நாவல்களில் நான்கைப் பொறுக்கி, அவற்றில் ஒன்றுக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பதாக ஏற்பாடு. பதக்கத்தைவிடப் பெரிது, ஜெயித்த புத்தகத்தைச் சபையே மறுபடி அச்சடித்து ஜில்லாவிலுள்ள வாசகசாலைகளுக்கெல்லாம் அனுப்பும் என்பது. தீர்ப்பு சொல்கிறவர்கள் மூன்று பேர்: ஒரு தமிழ்ப் பண்டிதர், ஒரு வக்கீல், எங்கள் கிறிஸ்தவக் கோவில் குருவானவர். குருவானவர்தான் தலைவர். நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு நாவலிலும் ஒரு பிரதிதான் இருந்தது. பண்டிதரும் வக்கீலும் படித்து முடித்த பிறகு கட்டு என்னிடம் வந்தது. என்னிடமிருந்து அது குருவானவருக்குப் போக வேண்டும்.

நானும் அம்மாவும் மட்டுமே வீட்டில். அப்பா உபதேசியாராக இருந்து காலமானவர். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததால் வேதபுத்தகத்தையும் மிஷனிலிருந்து வரும் அறிக்கைகளையும் நான்தான் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு சத்தமாக வாசிப்பேன். 'இன்ன ஊரில் கொள்ளைநோய், இன்ன இடத்தில் ஒரு குடும்பம் கஷ்டப்படுகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று முடிகிற அறிக்கைகள் அவை. கேட்டுவிட்டு அம்மா உடனே ஜெபிப்பாள். நாவல் என்றால் அவளுக்குப் பொய். இருந்தாலும் குருவானவர் வீட்டு வேலையாள் கொண்டுவந்து கொடுத்த கட்டு என்பதால், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வாசிக்க அனுமதி கிடைத்தது.

முதல் நாவல் கனமானது. தங்க எழுத்தில் பெயர் போட்ட அட்டை. ஆரம்பத்தில் சூரியன் உதிக்கத் தொடங்கினான், பக்கம் பக்கமாக உதித்துக்கொண்டே இருந்தான். மேகங்கள், பட்சிகள், தாமரைகள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் மேலே வந்தான். அரிசியை விரலால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"இன்னும் விடியலையா, ஏட்டி?"

விடிந்தபின் கதாநாயகி வந்தாள். வந்ததும் மூர்ச்சை போட்டாள். கடிதம் வந்தால் மூர்ச்சை, வராவிட்டால் மூர்ச்சை. பி.ஏ. பாஸ் செய்த கதாநாயகன் பன்னீரோடு அலைந்துகொண்டிருந்தான். "இவளுக்கு வேளாவேளைக்கு யாராவது சோறு போடுதாங்களா, இல்லையா?" என்று அம்மா கேட்டாள். ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் உயிரோடு இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காய்கிறது, திடீரென்று மழை வருகிறது, பெண்கள் பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆசிரியர் அலங்காரம் பண்ண மறந்துபோன பக்கம் அது. பண்டிதரோ அதைத் தவிர மற்றப் பக்கங்களிலெல்லாம் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதிவைத்திருந்தார்.

இரண்டாவது நாவலில் எல்லாரும் திருந்தினார்கள். குடிகாரன் திருந்தினான், அவன் மாமியார் திருந்தினாள், வட்டிக்காரன் ஒரு பிரசங்கம் கேட்டதும் பத்திரங்களைக் கிழித்தெறிந்தான். குருவானவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க அப்பா ஆயுசு பூராவும் ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ணுனாவ. ஒரு குடிகாரனாவது இப்பிடி ஒரே பேச்சுல திருந்துனானா? நல்லா இருந்துச்சு ஐயான்னு சொல்லிட்டு, நேரா கள்ளுக்கடைக்குல்லா போனான்."

மூன்றாவது துப்பறியும் நாவல். ரயிலில் கொலை. உண்மையைச் சொன்னால், இதை நான் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போய், பிள்ளைகள் கணக்குப் போடுகிற நேரத்தில் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். அத்தனை ருசி. கொலைகாரன் சமையற்காரன்தான் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். கடைசியில் அவன்தான். அது தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. வக்கீல் ஓரங்களில் பென்சிலால் 'பேஷ்' போட்டிருந்தார்.

நான்காவது புத்தகத்தைக் கடைசியாக எடுத்ததற்குக் காரணம் அதன் தோற்றம். மெலிந்த புத்தகம். பழுப்புக் காகிதத்தில் மேலுறை. மிஷன் அறிக்கைகள் அச்சாகிற அச்சுக்கூடத்திலேயே, அதே மட்டக் காகிதத்தில், உடைந்த எழுத்துகளோடு அச்சாகியிருந்தது. எழுதினவர் தம் கைக்காசைப் போட்டுக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடித்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. முதல் வாக்கியத்தை வாசித்தேன்.

'அவள் கஞ்சியை இறக்கிவைத்தபோதுதான் வீட்டில் உப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.'

சூரியன் உதிக்கவில்லை. பட்சி கூவவில்லை. அம்மாவின் விரல்கள் முறத்தில் நின்றுவிட்டன.

மேற்கே, விக்கிரமசிங்கபுரத்து மில் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். அவளுக்குப் பெயர் கிடையாது, புத்தகம் முழுக்க 'அவள்'தான். புருஷன் மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவன், சேதி இல்லை. அவள் நடவுக்குப் போகிறாள். ஒரே பிள்ளை, காய்ச்சலாகக் கிடக்கிறது. இவ்வளவுதான் கதை. இதில் ஒரு அத்தியாயம் முழுவதும், அவள் பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்கப் போகிறாள். வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசுகிறாள், ஆட்டைப் பற்றிப் பேசுகிறாள், அந்த வீட்டுக்காரியின் தங்கைக்குக் கல்யாணம் குதிர்ந்ததா என்று விசாரிக்கிறாள். அப்புறம் உப்புக் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறாள்.

அந்த இடத்தில் என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. அப்பா இறந்த வருஷம் அம்மா அப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் நின்றாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த நிற்பு எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முகம் தெரியாத ஒரு ஆள் அதை எப்படிப் பார்த்தார்? பார்த்ததை எழுதலாம் என்று அவருக்கு யார் சொன்னது? அதுவரை நாவல் என்றால் வேறு யாருக்கோ நடப்பது என்றுதான் எனக்கு எண்ணம்.

பேச்சும் அப்படியே. முந்தின மூன்றிலும் வேலைக்காரிகூட 'யாது செய்வேன்' என்றுதான் அழுவாள். இதில் அவள் பிள்ளையைப் பார்த்து, 'பைய எந்திரிய்யா, அங்கன போய் உக்காரு' என்கிறாள். மெதுவாக என்பதற்கு நாங்கள் சொல்கிற 'பைய' என்ற சொல்லை நான் அச்சில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். அதன் கீழே பண்டிதர் சிவப்புக் கோடு போட்டு 'கொச்சை' என்று எழுதியிருந்தார். ஆரம்பப் பக்கங்களில் வரிக்கு ஒரு சிவப்புக் கோடு. உப்பு அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை. அவர் மனம் மாறினாரா, தூங்கிப்போனாரா தெரியவில்லை.

கடைசி அத்தியாயத்தில் அவள் விடியற்காலை ஆற்றுப் படித்துறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மாட்டுவண்டிக்காகக் காத்திருக்கிறாள். வண்டிச் சத்தம் கேட்கிறது. 'அவள் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள்' என்று எழுதிப் புத்தகம் முடிந்துவிடுகிறது. நெற்றி சுட்டதா, குளிர்ந்து கிடந்ததா, ஒன்றும் கிடையாது. நான் பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான்மா."

"அவ்வளவுதான்னா என்னட்டி? எழுதுனவரு அப்புறம் போய்ப் பாக்கலையாக்கும்?"

அவள் வழக்கமான கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று ஜெபத்தில், "அந்தத் தாயையும் நோயாக் கிடக்குற பிள்ளையையும் நினைத்தருளும்" என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் நோயாய்க் கிடக்காத வீடு எது? யாரையோ சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். மறுநாள் உலை வைக்கும்போது, கோவிலுக்கு எடுத்துவைக்கிற பிடி அரிசியைக் கலயத்தில் போட்டபின் இன்னொரு பிடி எடுத்து வேறொரு சட்டியில் போட்டாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து ஊழியத்துக்கென்று ஒதுக்குவது எங்கள் பெண்களின் பழக்கம். அதில் இரண்டாவது பிடி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் மனமோ படித்துறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

அபிப்பிராயம் எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்றுக்கும் பக்கம் பக்கமாக வந்தது. நான்காவதைப் பற்றி எழுத எழுதக் கிழித்துப் போட்டேன். கடைசியில், 'இதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, ஆச்சரியம்தான் இருக்கிறது. பதக்கம் இதற்கே போக வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பண்டிதர் கட்சி தெரிந்ததே. வக்கீல் எந்தப் பக்கமும் சாயக்கூடியவர். ஆக, தலைவரான குருவானவர் அழுத்திச் சொன்னால்தான் உண்டு. அவர் கைதூக்கிவிட்டால் அந்தப் புத்தகம் ஜில்லா முழுவதும் போகும். இல்லாவிட்டால் மிச்சப் பிரதிகள் பலசரக்குக் கடையில் பருப்பு மடிக்கப் போய்விடும்.

புத்தகங்களை அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் ஒரு ஞாயிறு வந்தது. ஆராதனையில் வியாதியஸ்தருக்கான ஜெபத்துக்கு முன் குருவானவர் வழக்கம்போல விண்ணப்பங்களைச் சொன்னார்.

"மேற்கே மில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய். புருஷன் மலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேதி இல்லை. கஞ்சிக்கு உப்பும் இல்லாத நிலைமை. ஒரே பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கிறது. நம் பெண்கள் கூட்டத்தார் அவளுக்காகப் பிடி அரிசி சேர்த்திருக்கிறார்கள். ஜெபிப்போம்."

கோவில் முழுவதும் முழங்கால் போட்டது. எனக்கு மட்டும் முழங்கால் மடங்கவில்லை. பக்கத்தில் அம்மா கண்ணை மூடி உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். 'ஆமென்' என்று அத்தனை பேரும் சொன்னது கூரையில் போய் இடித்தது. காகிதத்தில் இருக்கிற ஒருத்திக்காக இத்தனை பேரா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த கணமே பயம் பிடித்தது. நாவலைப் பற்றிக் குருவானவர், 'பொய்க்கு எதற்கு அச்சு மை?' என்று பிரசங்கத்திலேயே கேட்டவர். பரிசுச் சபைக்குக்கூட, நல்லொழுக்க நாவலைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் போயிருந்தார். அவர் இந்தப் புத்தகத்தைப் பிரித்ததும், தாம் பலிபீடத்துக்கு முன் நின்று ஜெபித்தது யாருக்காக என்று தெரிந்துபோகும். அப்புறம் பதக்கமாவது!

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"கதையா?" என்றாள். "உப்பு கேக்கப் போயிட்டுக் கேக்காம வந்தாளே, அதுவுமா கதை?"

"அதுவும்தான்."

"மத்த மூணும் கதை. அது எனக்குத் தெரியாதா? இவ நம்மள மாதிரிப் பேசுதா. புஸ்தகமும் தொட்டுப் பாத்தா மிஷன் புஸ்தகம் மாதிரியே இருக்கு. ஐயா ஜெபத்துக்காவ அனுப்பியிருக்காவன்னுல்லா நெனச்சேன்! அதான் பெண்கள் கூட்டத்துலயும் சொல்லி அரிசி சேத்தேன்."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை 'ஐயா' என்றுதான் சொல்வோம். "ஐயாகிட்டப் போய் இப்பவே சொல்லிருவோமா?" என்று கேட்டேன். அம்மா முந்தானையை இறுக்கிச் செருகினாள். "வேண்டாம். நீ சொன்னா, கதைதானேன்னு ஓரத்துல போட்டுருவாவ. புஸ்தகத்த முதல்ல அனுப்பு. ஐயாவே படிச்சுப் பாக்கட்டும். ஏச்சு விழுந்தா நான் வாங்கிக்கிடுதேன்."

திங்களன்று கட்டை அனுப்பினேன். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் கொளுத்துகிற வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு குருவானவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சனிக்கிழமை அவர் பிரசங்கம் தயாரிக்கிற நாள், சாவு வீட்டைத் தவிர எங்கும் போகமாட்டார். கையில் பழுப்பு அட்டைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவில் விரலை வைத்திருந்தார். அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றாள், அடியை முதலில் வாங்குகிற மாதிரி.

"டீச்சரம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து. "அந்தப் பிள்ளை பிழைக்குதா? படித்துறைக்கு வந்துட்டேன். அதுக்கு மேல புரட்டப் பயமா இருக்கு. நாளைக்குப் பிரசங்கத்துக்கு ஒரு வரிகூட எழுதலை."

"புத்தகத்தில் அது இல்லை, ஐயா" என்றேன்.

"இல்லையா?"

"நெற்றியில் கையை வைக்கிறாள். அதோடு சரி."

குருவானவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமா, வேறெதுவுமா என்று தெரியாத முகம். "அரிசி போயிட்டுதே" என்றார். "அந்தப் பக்கத்து உபதேசியார் போன வாரம் வந்திருந்தார். அவர் கையிலே மூட்டையைக் கொடுத்துட்டேன். பேர் என்னன்னு கேட்டார். தெரியாது, புருஷன் மலைக்குப் போனவன், பிள்ளைக்குக் காய்ச்சல், விசாரிச்சுப் பாருங்கன்னேன். முந்தாநாள் இந்தப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆளை அனுப்பி, அரிசியைத் திருப்பிக் கொண்டாரச் சொன்னேன். இன்னைக்குக் காலையிலே பதில் வருது, கொடுத்தாச்சுன்னு."

"யாருக்கு?" என்றேன்.

"ஒருத்தி இருந்தாளாம்."

மலைக்குப் போன புருஷன், காய்ச்சல்காரப் பிள்ளை, எல்லாம் அப்படியே. உபதேசியார் அதிகம் தேடக்கூட இல்லையாம். எழுதினவர் அவளைப் பார்த்துத்தான் எழுதினாரா, அவளைப் பார்க்காமலே எழுதினாரா, எது இன்னும் பெரிய அதிசயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு வேறு கவலை. "புஸ்தகத்துப் பிள்ளைய விடுங்கய்யா. அரிசி வாங்குனாளே, அவ பிள்ளைக்கு எப்பிடி இருக்காம்?"

குருவானவர் அவளைப் பார்த்தார். "கேட்கலையே" என்றார். குடையை மறந்து வைத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சபை கூடியது புதன்கிழமை. பெண்கள் போகிற இடம் அல்ல. நடந்ததை மறுநாள் குடையை எடுக்க வந்தபோது குருவானவரே சொன்னார். என் அபிப்பிராயத்தை வாசித்தாராம். 'ஆச்சரியம்' என்ற இடத்தில் பண்டிதர் கனைத்தாராம். கொச்சைத் தமிழ், முடிவும் இல்லை, முடிவில்லாதது நாவலே ஆகாது என்று பண்டிதர் பேசியதற்கு, "முடிவு இல்லாததால்தான் எங்கள் ஜனங்கள் இன்னும் ஜெபிக்கிறார்கள்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். விஷயம் என்னவென்று கேட்டு, நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு, வக்கீல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். கூடவே எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீல் பண்டிதர் பக்கம் சாய்ந்துவிட்டார். பதக்கம் மூர்ச்சை போடுகிறவளுக்குப் போயிற்று.

நான் அழுதேன். குருவானவர் முன்னால் அழுகிறோமே என்றுகூட நினைக்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆத்திரத்தில் இனிமேல் நாவலே தொடுவதில்லை என்று சபதம் போட்டேன், பத்து நாள் தாங்கியிருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறு. குருவானவர் விண்ணப்பங்கள் சொல்கிற இடம் வந்தது. ஊரில் சிரிப்புப் பரவியிருந்தது, கோவிலிலேயே இரண்டொருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மேற்கே நாம் ஜெபித்துவந்த தாயைக் குறித்துச் சேதி வந்திருக்கிறது" என்றார். "உபதேசியார் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதாம்."

படித்துறையில் நெற்றியில் வைத்த கை எனக்கு அப்போதுதான் விலகியது. எழுதினவர் எழுதாமல் விட்ட வரியை, அவருக்கே தெரியாமல், நான் கோவில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அது வேறு தாய், வேறு பிள்ளை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் நிற்கவில்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அம்மா என் கையைச் சுரண்டினாள். காதருகே குனிந்து, "கஞ்சிக்கு உப்பு இருந்துச்சாமா? அவளா வாயத் தொறந்து கேக்கமாட்டா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பிடி அரிசியோடு ஒரு பொட்டலம் உப்பும் மேற்கே போயிற்று.